மாதா காலடியில் நிலா

நவம்பரில் சோன் ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனி மெர்சியேர் தெருவில் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்து போகாது. எதிர்வரிசைக் கல்லச்சுக்கூடம் அப்போது என் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். கல்லோடு கல் தேயும் கரகரப்பு கேட்டால் என்மோன் வஷோன் பழைய படத்தை அழிக்கிறான் என்று அர்த்தம். அச்சுச் சக்கரம் முனகினால் புதுப்படம் ஓடுகிறது. இரண்டும் கேட்காவிட்டால் அவனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

அவர்கள் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் என் கடையில் உண்டு. மாட்டுக்கொழுப்பு, மெழுகு, சோப்பு, விளக்குக்கரி நான்கையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால் கல்லில் வரையும் கறுப்புக்குச்சி. வரைந்த பிறகு மேலே பூச வேலம்பிசின், அதில் துளி திராவகம். இத்தனையும் விற்கிற அதே கையால் பாலாடைக்கட்டியும் அறுத்துக் கொடுப்பேன். இதுவரை யாரும் சாகவில்லை. என் அப்பா போக்கேர் சந்தையில் பேச்சை முதலாகப் போட்டுப் பிழைத்தவர். வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று கேட்காதே, ஆனால் தெரிந்துவைத்துக்கொள் என்று சொல்லித்தான் என்னைத் தராசுக்குப் பின்னால் நிறுத்தினார். அதனால் எதிர்வீட்டு விஷயம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அந்த வருஷம் ஜூலையில், கடலுக்கு நடுவே தீவில் அடைத்துவைத்திருந்த பழைய சக்கரவர்த்தி செத்துப்போன சேதி லியோனுக்கு வந்தது. பெயரைச் சொன்னால் ஜெயில் என்பதால் நாங்கள் அவரைத் தொப்பிக்காரர் என்போம். என்மோனின் மச்சினன் ஃப்ளெரி அவர் படையில் ரஷ்யாவரை நடந்துபோய், இரண்டு கால்விரல்களை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியவன். சேதி கேட்டு என் கடை வாசற்படியில் உட்கார்ந்து மூக்குச் சிந்திக்கொண்டே இருந்தான்.

"போதும் எழுந்திருடா. வியாபாரம் கெடுது," என்றேன்.

"உனக்கு என்ன தெரியும், சோப்புக்காரா. அவரு என் காதைப் புடிச்சுக் கிள்ளியிருக்காரு."

"என் அப்பனும்தான் என் காதைக் கிள்ளுனாரு. நான் இப்படியா அழுதேன்?"

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனான். ஆனால் அக்காவும் மாமாவும் திராட்சை அறுப்புக்கு வில்ஃப்ரான்ஷ் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து அச்சுக்கூடத்தில் ஒரு வேலை செய்தான். அக்கா தம்பி இருவரின் அப்பா பட்டுத்துணிக்குப் பூவேலை வரைந்து கொடுத்தவர், பிள்ளைகளுக்கும் அந்தக் கை இருந்தது. ஃப்ளெரி கல்லில் ஒரு பாறையை வரைந்தான். பாறைமேல் சக்கரவர்த்தியின் அந்த இருமுனைத் தொப்பி. முகமில்லை, பேரில்லை, எழுத்தில்லை. ஐரோப்பாவில் அந்தத் தொப்பிக்கு எழுத்து எதற்கு? அச்சடித்து, ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாங்கம் விற்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு, கல்லைத் தேய்த்துப் பழைய இடத்திலேயே சாய்த்துவைத்துவிட்டான்.

நவம்பரில் கியோத்தியேர்ப் பக்கம் ஒரு சாராயக்கடைச் சுவரில் அந்தப் படம் போலீஸ் கண்ணில் பட்டது. கடைக்காரனைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனார்கள். மறுநாள் ஃப்ளெரி சந்தைக்கூடையில் ரொட்டியும் காலுறையும் போட்டுக்கொண்டு சவோய் எல்லைக்கு ஓடிவிட்டான். ஓடும்போது அக்காவிடம் மட்டும் வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

அன்று மத்தியானம் பிசின் கடனாகக் கேட்க வருவதுபோல் என்மோன் பெண்டாட்டி பியெரெத் என் கடைக்கு வந்து, என் சட்டைக்கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துப் போனாள். அடுப்பில் குடல்குழம்பு கொதித்து அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. என்மோன் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்திருந்த கற்களைப் பார்த்து நின்றான். பவேரியாவிலிருந்து வண்டியில் வருகிற மஞ்சள்வெள்ளைக் கற்கள், சவப்பெட்டி மூடி மாதிரி கனம்.

"எந்தக் கல்லுன்னு சொன்னானா?" என்று கேட்டான்.

"கேட்டேன். ஏதோ ஒண்ணு, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குங்கிறான்," என்றாள் பியெரெத். "நல்லா தேய்ச்சுட்டேன்க்கா, ஒரு கோடுகூடத் தெரியலைன்னான்."

"கண்ணுக்குத் தெரியலைன்னான். கண்ணைக் கேட்டு யாருடி கல்லு தேய்ப்பா?"

நான், "தெரியலைன்னா விடுப்பா. போலீஸுக்கும் கண்ணுதானே இருக்கு," என்றேன்.

"சிப்ரியன் அண்ணே, நீ விக்கிற கொழுப்புதான். மரத்தில சிந்துனா துடைச்சாப் போகுமா? உள்ள இறங்கிடும். கல்லும் அப்படித்தான். மேல வெள்ளைவெளேர்னு இருக்கும். ஈரம் பண்ணி மை உருட்டுனா, உள்ள கிடக்கிற கொழுப்பு மையை வா வான்னு கூப்பிடும். தொப்பி எழுந்து உட்கார்ந்துக்கும்." அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "போலீஸோட வர்ற ஆளுக்கு அது தெரியும். கூட்டிட்டு வர்றதே அதுக்குத்தான்."

இதற்கு நடுவில் யாரும் கில்லட்டின் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் மூவருக்கும் நினைப்பு அங்கேதான் போனது. கொஞ்ச வருஷத்துக்கு முன் சுற்றுக் கிராமங்களில் கலகம் என்று சொல்லி அந்த யந்திரத்தை வண்டியில் ஏற்றி, சந்தைக்குச் சந்தை கூட்டிப்போனார்கள். முட்டைகோஸ் விற்கிற இடத்தில் அதை இறக்கிப் பூட்டினார்கள். படத்துக்குத் தலை போகாது, ஜெயில்தான், உரிமம் பிடுங்கி அச்சுக்கு முத்திரைதான் என்று எனக்குத் தெரியும். பயத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

"எல்லாக் கல்லையும் தேய்ச்சுருவோம்," என்றாள் பியெரெத்.

தேய்த்தார்கள். ஒரு கல்லின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து, நடுவில் ஈரமணல் போட்டு, எதிரெதிரே நின்று எட்டு வடிவத்தில் சுழற்ற வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தின்னும். சாதாரணமாகக் கல் மெலிந்துவிடுமே என்று உயிரை விட்டுக் கணக்குப் பார்க்கிறவன் என்மோன், இப்போது கல்லைச் சேறாகக் கரைத்து வாய்க்காலில் ஊற்றினான். தெருவோரச் சாக்கடை பால்மாதிரி ஓடியது. இத்தனை கல் எதற்குத் தேய்க்கிறான் என்று பார்க்கிறவன் கேட்பான். வாளியில் நாலு கட்டி நீலச்சாயம் கரைத்துக் கொண்டுபோய் மேலே ஊற்றினேன். நஷ்டம்தான்.

தேய்க்காமல் விட்டது ஒரே கல். மூலை உடைந்த அந்தக் கல் அச்சுமேடைமேல் கிடந்தது, அதில் பியெரெத் வரைந்த மாதா இருந்தாள். டிசம்பர் மாதா திருநாளுக்காக ஃபூர்வியேர் குன்றுக்கோயில் சாமியார் கேட்டிருந்த படம். பாதி ஓடிவிட்டது, மீதி ஓடினால்தான் குளிர்காலத்துக்கு விறகு.

"அதுவும்?" என்று நான் கேட்டேன்.

"அது நான் கையால தேய்க்கிற கல்லு. மூலை உடைஞ்சதுன்னு ஃப்ளெரி தொடவே மாட்டான்," என்றான் என்மோன். "இத்தனை படம் வந்திருக்கு, பாரு, பால் மாதிரி."

மூலை உடைந்த கல்லைத்தான் யாரும் தேடமாட்டார்கள் என்று ஃப்ளெரி நினைத்திருப்பான் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. தெருமுனையில் சீட்டுக்கட்டு அச்சடிக்கிறவன் வீட்டு வாசலில் போலீஸ் கமிஷனர் தும்முவது கேட்டது. மெலிந்த மனிதர், கறுப்பு உடை, எப்போதும் ஜலதோஷம். அடுத்தது என்மோன் வீடுதான். கடையை அப்படியே போட்டுவிட்டு எதிரே ஓடினேன். உள்ளே சக்கரம் நின்றிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஈரத்தாள் ஒன்றை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதா கைகூப்பி நின்றாள். அவள் காலுக்குக் கீழே மேகம். மேகத்துக்குள் சாம்பல் நிறத்தில், இரண்டு முனையும் கீழே வளைந்து, தொப்பி எழுந்துகொண்டிருந்தது.

"நேத்து இல்லை," என்றான் என்மோன். குரல் சிறுபிள்ளை குரலாகிவிட்டது. "நேத்து சத்தியமா இல்லை. மை ஏற ஏற முழிச்சுக்கிச்சு."

"கமிஷனர் சீட்டுக்காரன் வீட்டுல இருக்காரு," என்றேன்.

"சுரண்டிடறேன்." கத்தியை எடுத்தான்.

பியெரெத் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அறிவு இருக்கா உனக்கு? சுரண்டுனா வெள்ளைத் தொப்பி வரும். கறுப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன, தொப்பி தொப்பிதானே."

"அப்ப கல்லைத் தூக்கு. பின்கட்டுக்குக் கொண்டுபோவோம்."

"ஈரக்கல்லை ரெண்டு பேரும் தூக்கிட்டு நிக்கிறப்ப அவரு வருவாரு. நல்லாருக்கும் பாக்க."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு கல்லைப் பார்த்தாள். கல்லில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். அவளுக்கு அது பழக்கம். கத்தியை அவன் கையிலிருந்து பிடுங்கிக் குனிந்தாள். தொப்பியின் நடுவிலிருந்த வட்டக் குஞ்சத்தைச் சுரண்டினாள். மேல்முதுகின் மேட்டை வழித்து உருட்டினாள். உள்வளைவை ஆழப்படுத்தினாள். பிறகு ஊசியால் சுற்றிலும் கதிர்கதிராகக் கீறினாள். என்மோன் பிசின்நீரைத் தொட்டுக் கல்லில் தடவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான். ஜெபமா வசவா தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது அவள் கல்தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

கமிஷனர் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி உள்ளே வந்தார். கூட வந்தவன் கைநகமெல்லாம் மை, அவனும் கல்லச்சுத் தொழில்காரன். அவன் சுவரோரக் கற்களை ஒவ்வொன்றாக நனைத்து, மை உருட்டிப் பார்த்தான். ஒன்றும் எழவில்லை. கடைசியில் அச்சுமேடையைக் காட்டினான்.

"இதுல ஒண்ணு போடுங்க. நானே பாக்குறேன்," என்றார் கமிஷனர்.

என்மோன் கல்லை நனைத்து மை உருட்டித் தாளை வைத்தான். சக்கரத்தைச் சுற்றும்போது ஒரே மூச்சில் சுற்ற வேண்டும், நின்றால் படத்தில் வரி விழும். அவன் தோள் மட்டும் சுற்றியது, முகம் வேறெங்கோ இருந்தது. பியெரெத் தாளை உரித்து அவரிடம் நீட்டினாள். அவர் ஜன்னலோரம் கொண்டுபோனார். மூடுபனியில் வெளிச்சம் போதவில்லை, மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, கால்கிட்ட?"

"நிலாங்க முசியே."

"கொம்பு கீழ பாத்து இருக்கே. நிலாவுக்கு மேலல்ல இருக்கணும்?"

"நம்ம பக்கம் மேலதான் போடுவாங்க. ஸ்பெயின் தேசத்துல கீழ போடுறதுதான் வழக்கம்னு எங்கப்பா சொல்லுவாரு."

கமிஷனர் தும்மினார். மடித்த கைக்குட்டையை இன்னொரு முறை மடித்தார். "நான் ஸ்பெயின்ல இருந்திருக்கேன்."

அவர் அங்கே யாருக்காக, எந்தப் படையோடு போயிருந்தார் என்பதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அந்த வயதுக்காரர் எவரும் ஸ்பெயினுக்கு ஒரே ஒருவர் சம்பளத்தில்தான் போயிருக்க முடியும்.

"ஆமா," என்றார். "அங்க கோயில்கள்ல இப்படித்தான் பாத்தேன். இதை எங்க வீட்டம்மாவுக்கு எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்குங்க முசியே," என்றான் என்மோன். கமிஷனர் வந்த பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

திருநாள் நல்லபடி நடந்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் வறுத்த செஸ்ட்நட் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் சரக்கு எப்படி விற்கிறது என்பதைக் கவனிப்பது என் பிறவிக்குணம். மெழுகுவத்தி கொடுக்கக் குன்றுக்குப் போனபோது கோயில் படிக்கட்டடியில் படம் விற்கும் விதவையிடம், "எப்படிப் போகுது?" என்றேன்.

"என்னன்னே தெரியலைங்க, ஆம்பளைங்க வந்து வாங்குறாங்க. நிலா வச்ச மாதாவைக் கொடுங்கன்னு கேட்டு வாங்குறாங்க."

பக்கத்தில் ஒற்றைக்கை ஆள் ஒருவன் நின்றிருந்தான். பூசைமணி அடித்தால் சாராயக்கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற ரகம். படத்தை வாங்கி, மாதாவின் மேல்பாகத்தைக் கட்டைவிரலால் மறைத்தான். பிறகு குனிந்து முத்தமிட்டான். உதடு மாதாவின் காலைத் தாண்டி இன்னும் கீழே இறங்கியது.

சரக்கு விற்காமல் கலங்கிய வியாபாரியைப் பார்த்திருக்கிறேன். விற்பதைப் பார்த்துக் கலங்கியவன் நான்தான்.

இறங்கி வந்து சொன்னேன். பியெரெத் முகம் கல்லின் நிறத்துக்குப் போனது. "அந்தக் கல்லை இனி ஏத்தாதே," என்றாள் புருஷனிடம்.

"ஏத்தலை. இன்னைக்கே தேய்ச்சுடறேன்."

அதற்குள் சாமியாரே படியேறி வந்துவிட்டார். வட்ட முகம், சந்தோஷம் வந்தால் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் தக்காளி.

"பிள்ளைகளா, அற்புதம் நடக்குது. கோயில் வாசல் மிதிக்காத ஆளுங்க மாதாவைத் தேடி வர்றாங்க. பழைய சிப்பாய்ங்க, கப்பல்காரங்க. ஒருத்தன் என் கண்ணு முன்னால அழுதான். இன்னும் இவ்வளவுக்கு இவ்வளவு வேணும். இப்பவே ஒண்ணு ஓட்டுங்க, நான் கண்ணால பாக்கணும்."

மறுத்தால் ஏன் என்பார். காரணம் சொல்ல முடியாது. ஓட்டினால் ஊர் முழுக்கத் தொப்பி, என்றைக்காவது ஒருநாள் கமிஷனர் காதுக்கும் அந்த ஒற்றைக்கை முத்தம் எட்டும். என்மோன் என்னைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு மூலை உடைந்த கல்லைத் தூக்கி மேடையில் வைத்து, துணியால் துடைத்தான். அவன் கல்லைத் துடைப்பது குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் இருக்கும். நனைத்தான், மை உருட்டினான், தாள் வைத்தான். அப்புறம் அழுத்தத் திருகாணியை இறுக்கினான். இறுக்கினான். இன்னும் இறுக்கினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி," என்றான் மெதுவாக, கண் பியெரெத் மேல் இருந்தது.

சக்கரம் பாதி சுற்றியதும் கல் இரண்டாகப் பிளந்தது. பெரிய சத்தமில்லை, காய்ந்த ரொட்டியை உடைக்கிற சத்தம்தான். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன பாவம் இது," என்றார். "சரி விடு, மனசைத் தளரவிடாதே. அம்மா, வேற கல்லுல அதையே வரைஞ்சுடு. நிலாவை மறந்துடாதே, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"மறக்க மாட்டேன் சாமி," என்றாள் அவள்.

நிலா போட்டாள். கொம்பு மேலே பார்த்து, நம் பக்கத்து வழக்கப்படி. பழைய சிப்பாய்கள் அந்தப் படத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள் என்று விதவை சொன்னாள். விற்காத படங்களில் பாதி என் கடைக்கு மலிவாக வந்தது. இப்போது அதில் மிளகு பொட்டலம் கட்டுகிறேன்.

உடைந்த கல்லின் ஒரு பாதி, தொப்பி இல்லாதது, அவர்கள் வீட்டு வாசற்படிக்குப் போயிற்று. இன்னொரு பாதியை என்ன செய்வது என்பதுதான் பிரச்சனை. பாலத்தில் காவல் இருந்ததால் ஆற்றில் போட முடியாது. தேய்க்கலாம் என்றால், உடைந்த கல்லை எவனாவது உட்கார்ந்து தேய்ப்பானா? பார்க்கிறவன் ஏன் என்பான், சுத்தியலால் நொறுக்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். மளிகைக்கடையில் கல்லுக்கு யார் அர்த்தம் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லி நான் எடுத்து வந்தேன். முகத்தைக் கீழே கவிழ்த்து என் மேசைமேல் போட்டு, அதன் முதுகில் வைத்து சோப்பு வெட்டத் தொடங்கினேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரியில், மூடுபனி இன்னும் எழுந்து போகாத ஒரு காலை, பியெரெத் பிசின் வாங்க வந்திருந்தாள். கமிஷனர் உள்ளே வந்தார். கையில் புதுப்படம்.

"இதை நான் வாங்கிட்டுப் போனேன். வீட்டம்மா திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. பழசு மாதிரி இல்லையாம்."

"பழைய கல்லு உடைஞ்சுபோச்சுங்க முசியே," என்றாள் பியெரெத்.

"தெரியும். சாமி ரொம்ப வருத்தப்பட்டாரு." மூக்கை உறிஞ்சினார். "உடைஞ்ச கல்லையெல்லாம் என்னம்மா பண்ணுவீங்க?"

அவள் பிசின் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். நான்தான் வாயைத் திறந்தேன். "எதுக்காவது ஆகுங்க. கதவுக்கு முட்டு. உப்பில ஊறப்போட்ட முட்டைகோஸுக்குப் பாரம்."

"அப்படியா." அவர் தன் உத்தியோகத் தொப்பியைக் கழற்றினார், அதுவும் இருமுனைத் தொப்பிதான். எங்கே வைப்பது என்று மேசையை ஒரு பார்வை பார்த்தார். தராசு பக்கம் இடமிருந்தது, நாற்காலியும் காலியாக இருந்தது. அந்தக் கல்லின் மேல் வைத்தார். இரண்டு முனையும் இரண்டு பக்கம் வருகிறமாதிரி. பிறகு சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைச் சரிசெய்வதுபோல், ஒரு விரலால் அதைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"ஒரு கட்டி சோப்பு குடுங்க."

கத்தியை எடுத்தேன். "சோப்பு... அந்தக் கல்லு மேலதாங்க வெட்டணும் முசியே."

"அவசரமில்லை," என்றார்.

எதிரே அச்சுச் சக்கரம் முனகிக்கொண்டிருந்தது. அது நின்றது. மூடுபனிக்குள்ளிருந்து என்மோன் கமிஷனர் குரலைக் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன். பியெரெத்தின் விரல்கள் பொட்டலத்தை நசுக்கி, பிசின் துண்டுகள் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. கமிஷனர் என் அலமாரியில் இருந்த ஜாடிப் பெயர்களை எல்லாம் வரிசையாகப் படித்து முடித்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் சோப்பை வெட்டினேன். வெட்டு கோணலாகப் போயிற்று, அவர் காசை எண்ணி வைத்தார்.

வாசலில் நின்று திரும்பினார். "அந்தப் பழைய நிலா எங்க கட்டிலுக்கு மேலதாம்மா மாட்டியிருக்கு. தினமும் முழிக்கிறப்ப கண்ணுல படுது."

அதற்கப்புறம் வாரம் தவறாமல் வருகிறார். தொப்பியைக் கழற்றி அதே கல்லின் மேல் வைக்கிறார், ஒரு கட்டி சோப்பு கேட்கிறார், காத்து நிற்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு சோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று நான் கேட்பதில்லை. அப்பா கற்றுக்கொடுத்ததில் பாதியைத்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது, ஏன் வாங்குகிறார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைக்கிறவரை எதிரே சக்கரம் முனகுவதில்லை.